வீட்டுக்குள் வரும் கைகள்

நுழையும்முன்

நோயும் முதுமையும் ஒருவரைப் படுக்கையில் கிடத்தும்போது அவருடைய உலகம் ஓர் அறையளவாகச் சுருங்கிவிடுகிறது. நாள்தோறும் அவ்வறைக்குள் வந்து குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுக்கும் கைகளை நம்பியே அவர் வாழ்கிறார். அக்கைகள் செய்யும் பணி செம்மையாக நடக்கிறதா என்பதை யார் அறிவார்? எவ்வாறு அறிவார்? இக்கேள்விகளை ஆராய்கிறது இப்பாடம்.

மருத்துவமனைக் கூடத்தில் ஒரு நோயாளியைச் சுற்றிப் பல கண்கள் உண்டு. மருத்துவர் வருகிறார், தலைமைச் செவிலியர் மேற்பார்வையிடுகிறார், அடுத்த கட்டிலில் இருப்பவரின் உறவினர்கூட நடப்பதைக் காண்கிறார். ஒருவர் தவறினால் மற்றொருவர் சுட்டிக்காட்ட வாய்ப்புண்டு. வீடு அத்தகையதன்று. பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தவர், மறதிநோயால் பெற்ற மகளையே அடையாளம் காண இயலாதவர், உடலியக்கக் குறைபாட்டால் எழுந்து அமர முடியாதவர் எனப் பலர் வீடுகளில் வாழ்கின்றனர். குடும்பத்தார் வேலைக்குச் சென்றபின் அவ்வீட்டில் எஞ்சுவோர் இருவரே: பராமரிக்கப்படுபவர், பராமரிப்பவர். அவர்களுள் ஒருவரால் பேசவே இயலாமலும் இருக்கலாம். இல்லப் பராமரிப்பில் தரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு வரையறைகள் தேவைப்படுவது இத்தனிமையினால்தான்.

இல்லாதபோதும் நடைபெற வேண்டியது

இச்சிக்கலை முன்னரே கண்டுணர்ந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1859ஆம் ஆண்டு வெளிவந்த ‘செவிலியம் குறித்த குறிப்புகள்’ என்னும் நூலை அவர் பயிற்சி பெற்ற செவிலியர்க்கான பாடநூலாக எழுதவில்லை. தம் வீட்டில் நோயுற்றோரைக் கவனிக்கும் பெண்களை மனத்திற்கொண்டே எழுதினார். நோயாளியின் அருகில் இருக்கும்போது நன்றாகக் கவனித்தால் மட்டும் போதாது. தாம் இல்லாத வேளையிலும் அதே கவனிப்பு நடைபெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அந்நூலின் ஓர் இயல் முழுவதும் வலியுறுத்தும் கருத்து. இன்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்படும் பராமரிப்புத் திட்டம், அன்றாடக் குறிப்பேடு, ஒருவர் மற்றொருவரிடம் பணியை ஒப்படைக்கும் முறை ஆகிய அனைத்தும் அக்கருத்தின் வளர்ச்சியே.

படுக்கைப்புண் கூறும் செய்தி

பராமரிப்பின் தரத்தைப் பேச்சால் மறைக்கலாம். உடலால் மறைக்க இயலாது. நெடுநாள் படுத்திருப்பவரின் முதுகடி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்குகிறது. அங்குக் குருதியோட்டம் தடைப்படத் தோல் சிதைந்து புண்ணாகிறது. சில மணி நேரக் கவனக்குறைவால் தோன்றும் புண் ஆறுவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். நச்சுக்கிருமிகள் குருதியில் கலந்தால் உயிருக்கே ஊறு நேரும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியர் முதியோரிடம் மேற்கொண்ட ஆய்வு 1962ஆம் ஆண்டு வெளிவந்தது. தோலில் தடவப்படும் களிம்புகளைவிட, நோயாளியைக் குறித்த நேரங்களில் புரட்டிப் படுக்கவைப்பதே பயன் தருகிறது என்பதை அவ்வாய்வு காட்டியது. எவர்க்குப் புண் வரக்கூடும் என்பதை முன்னரே கணிக்க ஓர் அளவுகோலையும் அவர் உருவாக்கினார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், உறுப்புகளை அசைக்கும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே 1 முதல் 4 வரை மதிப்பெண் இடப்படும். மொத்தம் 20இல் 14 அல்லது அதற்குக் குறைவாகப் பெறுபவர் இடர்மிக்கவராகக் கருதப்படுவார். ‘நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்’ என்னும் பொதுச்சொல்லுக்கு மாற்றாக, எவரும் சரிபார்க்கத்தக்க ஓர் எண் கிடைத்தது.

எனினும் எண்ணை மட்டும் நம்பி விரல்களை மறந்துவிடலாகாது. வெளிர்நிறத் தோலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் அது வெளுத்துப் பின் சிவந்தால் ஆபத்து இன்னும் முற்றவில்லை எனலாம். அழுத்தியும் வெளுக்காவிடில் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். கருநிறத் தோலில் இச்சிவப்பு எளிதில் புலப்படாது. சுற்றியுள்ள தோலைவிட அவ்விடம் வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ உள்ளதா, தடித்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்பதைப் பராமரிப்பவர் கையால் உணர்ந்து அறிதல் வேண்டும். பல வீடுகளில் நீர்ப்படுக்கை வாங்கியதுடன் கடமை முடிந்ததாக எண்ணப்படுகிறது. படுக்கை அழுத்தத்தைக் குறைக்கும். புரட்டும் பணியைத் தானே செய்யாது.

உணவிலும் மருந்திலும் இதுபோன்ற எச்சரிக்கை தேவை. விழுங்கும் ஆற்றல் குன்றியவரைப் படுத்த நிலையில் உண்பித்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் முழு மருந்தும் ஒருங்கே உடலில் கலக்கும். இவை அன்பின்மையால் அன்று, அறியாமையால் நேரும் தீங்குகள். பயிற்சியே இவற்றைத் தடுக்கும்.

கால் மணி நேரத்தில் என்ன செய்ய இயலும்?

இங்கிலாந்தில் உடல்சார்ந்த பராமரிப்பை வழங்கும் நிறுவனங்கள் அரசுசார் கண்காணிப்பு ஆணையத்தில் பதிவு செய்தல் கட்டாயம். 2009ஆம் ஆண்டு முதல் இயங்கும் அவ்வாணையம், பணி பாதுகாப்பானதா, பயனுள்ளதா, பரிவுடையதா, தேவைக்கேற்ப அமைந்ததா, நல்ல தலைமையைக் கொண்டதா என ஐந்து கேள்விகளை எழுப்பித் தரமிடுகிறது. ஆயினும் அங்கும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. உள்ளாட்சி மன்றங்கள் செலவைக் குறைக்க முற்பட்டபோது, கால் மணி நேர வருகைகள் பெருகின. நடுங்கும் கையுடைய முதியவர் ஒரு குவளைத் தேநீரைக் குடித்து முடிப்பதற்கே அந்நேரம் சரியாக இருக்கும். சிறப்புச் சூழல்களைத் தவிர, ஒரு வருகை அரை மணி நேரத்திற்குக் குறையலாகாது என்று அந்நாட்டின் உடல்நல வழிகாட்டு நிறுவனம் 2015ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. தரம் என்பது நேரத்தையும் பணத்தையும் சார்ந்தது என்பதை ஒப்புக்கொண்ட பரிந்துரை அது.

நேரக்குறைவு பராமரிப்பவரையும் வருத்துகிறது. எடைமிக்க ஒருவரைத் தனியாகத் தூக்கும் பெண்ணின் முதுகெலும்பு எத்தனை ஆண்டுகள் தாங்கும்? இருவர் தேவைப்படும் பணிக்கு ஒருவரையே அனுப்பினால், விழுபவரும் தூக்குபவரும் ஒருசேரத் துன்புறுவர்.

புகார் எழாத இடம்

பிற பணிகளில் குறை கண்டவர் முறையிடுவார். இங்கு நிலைமை வேறு. உணவூட்டும் கையின்மீதே முறையிட வேண்டியிருக்கிறது. கடுஞ்சொல் கேட்ட முதியவர், ‘இவளும் வராவிட்டால் யார் வருவார்?’ என்று அஞ்சி வாய்மூடுகிறார். ஆதலால் முறையீடு வரவில்லை என்பது குறையில்லை என்பதற்குச் சான்றாகாது. முன்னறிவிப்பின்றி மேற்பார்வையாளர் வருதல், பராமரிப்பவர் இல்லாதபோது முதியவரிடம் தனியே உரையாடுதல், காரணம் கூறப்படாத காயங்களையும் கையாளப்பட்ட பணத்தையும் எழுதிவைத்தல் ஆகியவை இதனால்தான் தேவைப்படுகின்றன. இந்தியாவில் முதியோர்க்கான 14567 என்னும் உதவி எண் உள்ளது. எனினும் தொலைபேசியை எடுக்கவே இயலாதவர்க்காகப் பிறர்தாம் பேச வேண்டும்.

பல கண்கள் இல்லாத வீட்டுக்கு ஊரையே கண்ணாக்கிய முயற்சி கேரளத்தில் தோன்றியது. 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய வலித்தணிப்பு மருத்துவப் பணி, பின்னர் மலப்புறம் முதலிய இடங்களில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களின் இயக்கமாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற அண்டை வீட்டார் படுத்த படுக்கையாக இருப்போரைச் சென்று கண்டனர். செவிலியர் தேவைப்படும்போது அழைத்துவந்தனர். 2008ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் மருந்து, இயன்முறை மருத்துவம், வலித்தணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. வெளியார் ஒருவர் முறையாக வந்துபோகும் வீட்டில் புறக்கணிப்பு நெடுநாள் மறைந்திருப்பது அரிது.

இல்லப் பராமரிப்புக்கு விலையுயர்ந்த கருவிகள் எல்லா வீட்டிலும் இரா. ஒரு குறிப்பேடு இருக்கலாம். காலை ஆறு மணிக்கு இடப்பக்கம், எட்டு மணிக்கு வலப்பக்கம் புரட்டியது, குடித்த நீரின் அளவு, கொடுத்த மாத்திரையின் பெயர், செய்தவரின் கையொப்பம் என ஒவ்வொரு வரியும் அதில் பதிவாகும். பக்கத்தின் இறுதியில், படுத்திருப்பவர் அன்று கூறியதை அவருடைய சொற்களிலேயே எழுத ஒரு கட்டமும் விடப்பட வேண்டும். பெரும்பாலான குறிப்பேடுகளில் இல்லாதது அக்கட்டமே.