உணவைப் பற்றி நூல் எழுதப் புகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உணவும் உழவும் பருவநிலை மாற்றமும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் விதத்தைத் தமிழில் ஒரு நூலாக எழுத வேண்டும் என்னும் உன் ஆசையையும், அதற்கு முன்மாதிரியாக அமெரிக்க எழுத்தாளர் ஜொனாதன் சாஃப்ரன் ஃபோயர் 2019-இல் வெளியிட்ட ‘வீ ஆர் தி வெதர்’ என்ற புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாமா என்னும் கேள்வியையும் உன் கடிதத்தில் கண்டேன். அந்தப் புத்தகத்தை மிகுந்த ஆவலோடு எடுத்து, மனக்குறையோடு மூடி வைத்தவன் நான். அந்தக் குறை எதனால் வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இதே விஷயத்தில் பேனாவை எடுத்திருக்கும் உனக்கு அது பிரயோஜனப்படும்.

ஃபோயர் சாமானிய எழுத்தாளர் அல்லர். 2009-இல் வந்த அவருடைய ‘ஈட்டிங் அனிமல்ஸ்’ நூலில், அமெரிக்காவின் ராட்சசக் கோழிப் பண்ணைகளையும் பன்றிப் பண்ணைகளையும் பற்றிய செய்திகளுக்கு நடுவே, கான்ஸாஸ் மாநிலத்தில் பழைய இன வான்கோழிகளை வளர்த்துவரும் ஒருவர் தம் தொழிலைத் தம் வாயாலேயே எடுத்துரைக்கும் பக்கங்கள் உண்டு. ஆசிரியர் ஒதுங்கி நின்று அவரைப் பேச விட்டிருக்கிறார். பத்தாண்டு கழித்து எழுதிய புத்தகத்தில் அந்தச் செவிசாய்த்தல் காணாமல் போயிற்று.

புதிய நூலின் தொடக்கம் கம்பீரமானதுதான். போலந்திலிருந்து தப்பி வந்து, யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படுவதை 1943-இல் வாஷிங்டனில் எடுத்துச் சொன்ன யான் கார்ஸ்கியையும், தாமும் யூதராக இருந்தும், அவர் பொய் சொல்லவில்லை என்று அறிந்தும், தம்மால் அதை நம்ப முடியவில்லை என்று சொன்ன நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரையும் நம் கண்முன் நிறுத்தி, அறிவது வேறு, நம்புவது வேறு என்பதை ஃபோயர் உணர்த்தும் இடம் மறக்கத் தகுந்ததன்று. இறைச்சித் தொழிலைக் கண்டித்து நூல் எழுதியபின் அதே நூலைப் பற்றிப் பேசச் செல்லும் வழியில், விமான நிலையங்களில் தாமே இறைச்சி தின்றதை ஒளிக்காமல் சொல்லும் நேர்மையும் அவருக்கு இருக்கிறது. ஆயினும், காலையிலும் பகலிலும் விலங்குகளிலிருந்து கிடைக்கும் எதையும் உண்ணாதிருங்கள், இரவு உணவு உங்கள் இஷ்டம் என்னும் ஒரே ஆலோசனையை நோக்கி நூல் முழுவதும் நகர்ந்து செல்ல, அந்த உணவு எந்த நிலத்தில், யாருடைய உழைப்பால், எத்தகைய நிர்ப்பந்தங்களுக்கு இடையில் விளைந்தது என்னும் விசாரணை அநேகமாக நடைபெறவே இல்லை. உண்பவனுடைய மனச்சாட்சி ஒன்றே மேடையில் நின்று தன்னோடு தானே வாதாடுகிறது.

எண்களின் விஷயத்திலும் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மனிதரால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 சதவீதம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் கணக்கிட்டது. 51 சதவீதம் என்று 2009-இல் ராபர்ட் குட்லண்டும் ஜெஃப் அன்ஹாங்கும் ஒரு சஞ்சிகையில் எழுதினார்கள். ஃபோயர் இரண்டையும் குறிப்பிடுகிறார். ஆனால் பின்னதற்கு அவர் தரும் கௌரவம் அதற்கு உரியதன்று என்பது என் அபிப்பிராயம். அந்தக் கணக்கு கால்நடைகள் விடும் மூச்சையும் சேர்த்துக்கொண்டது. மாடு மூச்சில் விடும் கரியமில வாயுவோ, அது மேய்ந்த புல் சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட அதே கரிதான்; காற்றுக்கு அது புதுச் சுமை ஆகாது. புதுச் சுமையாவது மீத்தேன். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் தீவனம் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது பிறந்து, பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வெளிவருவது அது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. 14.5 சதவீதம் என்பதே உலகத்துப் போக்குவரத்து அனைத்தின் பங்குக்கு ஏறக்குறைய நிகரானது. அதுவே வாசகனைத் திடுக்கிடச் செய்யப் போதுமானதாயிருக்க, பெரிய எண்ணின் மேல் மோகம் எதற்கு? பெரிய எண் பொய்யாகிப் போகும் நாளில் அதனோடு சேர்ந்து உண்மையும் அவமானப்படும்.

ஃபோயரின் நூலுக்கு ஓராண்டு முன்பு, 2018-இல், பூர் என்பவரும் நெமெசெக் என்பவரும் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியை நீ அவசியம் ஊன்றிப் படி. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டிய அவர்கள், மிகக் குறைந்த கேடு விளைவிக்கும் மாட்டிறைச்சிகூடப் பயறு வகைகளைவிட அதிகக் கேடு செய்வதைக் கண்டார்கள். அந்த அளவில் ஃபோயர் சொல்வது நியாயமே. ஆனால் ஒரே பொருளை விளைவிப்பவர்களுக்குள்ளேயே, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையில், சில கேடுகளில் ஐம்பது மடங்குவரை வித்தியாசம் இருப்பதையும் அவர்களே கண்டார்கள். ஆகவே, என்ன உண்கிறோம் என்பதோடு அது எப்படி விளைந்தது என்பதும் சேர்ந்தே விசாரிக்கப்பட வேண்டியதாகிறது; அந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லக்கூடியவன் வயலிலோ கொட்டிலிலோ நிற்கிறான், சாப்பாட்டு மேஜையில் இல்லை.

நீ தமிழில் எழுதுகிறாய். ஆண்டுக்குத் தலைக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி உண்ணும் அமெரிக்கருக்குச் சொல்லப்பட்ட உபதேசத்தை, சராசரியாக அதில் பத்தில் ஒரு பங்குகூட உண்ணாத இந்தியருக்கு அப்படியே மொழிபெயர்த்துத் தருவது பொருந்தாது. நம் தட்டில் இருப்பது சோறு. நெல் வயலில் நீர் தேங்கி நிற்கையில், காற்றுப் புகாத சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பொருட்டுப் பயிரின் தண்டுக்குள் அமைந்த இடைவெளிகளின் வழியாகவே அதன் பெரும்பகுதி மேலேறி வெளியே போகிறது. தேங்கவிடாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விட்டால் இது கணிசமாகக் குறையும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடியும் நீர் பாய்ச்சச் சொல்கிறார்கள் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் காவிரிப் பாசனத்தின் கடைமடையில், மேட்டூரில் எப்போது திறப்பார்கள், முறை வைத்து விடும் தண்ணீர் தன் வாய்க்காலுக்கு அடுத்து என்றைக்கு வரும் என்று தெரியாத ஒரு குடியானவன், வந்த நீரை வரப்பு முட்டக் கட்டி வைக்காமல் வேறு என்ன செய்வான்? நீரை வடியவிட்டால் கோரையும் புல்லும் தலையெடுக்கும். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுபடியாவதில்லை. ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வரும் வயலில் யூரியாவைக் கண்டபடி இட்டால், மீத்தேன் குறைந்த இடத்தில் நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் இன்னும் கொடிய வாயு கூடவும் கூடும். இத்தனையையும் அவன் வாயால் கேட்டு, அவன் கணக்கை அவன் சொல்லும் விதத்திலேயே எழுதினால், அரிசியைக் குறை என்று வாசகனுக்குச் சொல்வதற்கு முன் வாய்க்கால் நிர்வாகத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேச வேண்டிய கட்டாயம் உனக்குத் தானாகவே வந்து சேரும்.

வாசகனுடைய மனச்சாட்சியைத் தொட வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதே. தான் உண்பதற்கும் உலகம் சூடாவதற்கும் சம்பந்தம் உண்டு என்று ஒவ்வொருவரும் உணரத்தான் வேண்டும். அதற்காகப் பிரயாசைப்பட்ட ஃபோயரிடம் எனக்கு மரியாதை உண்டு. அவர் எழுதாமல் விட்ட பாதியை நீ எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். முன்னுரையையும் முதல் அத்தியாயத்தையும் இப்போதைக்கு நிறுத்தி வை. சம்பா நடவு சமயத்தில் கீழத் தஞ்சைப் பக்கம் போய், ஒரு மடை திறக்கும் நாளிலிருந்து அடுத்த முறை வரும் நாள்வரை அங்கேயே தங்கு. வாய்க்காலில் தண்ணீர் திருப்புகிறவரையும், களையெடுக்கும் பெண்களையும், உரக்கடைக்காரரையும் பேசவிட்டுக் கேள். கேட்டதை எழுதியதும், திருத்தி அழகுபடுத்தாமல், எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்