கொரோனா மாத்திரை: 5 நாள் கணக்கு

கொரோனா உறுதியானால், அறிகுறி தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். பாக்ஸ்லோவிட் மாத்திரையை அதிலிருந்து 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். வைரஸ் பெருகுவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. வயதானவர்களும் சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடவே கூடாது.

மருத்துவரிடம் போகும்போது, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையெல்லாம் கையோடு கொண்டுபோங்கள். இது முக்கியம். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் சில மாத்திரைகளும் பாக்ஸ்லோவிட்டிலுள்ள ரிட்டோனாவிர் என்ற மருந்துடன் சேர்ந்தால் ஆபத்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பாக்ஸ்லோவிட்டின் அளவு மாறும்.

தொற்றுக்குப் பிறகும் அறிகுறிகள் நீடிக்கும் நீண்டகாலக் கொரோனாவை இந்த மாத்திரை தடுக்குமா? அமெரிக்க முன்னாள் படைவீரர்களைப் பற்றி 2023-இல் வெளியான ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்த ஆபத்து 26% குறைவாக இருந்தது. வேறு சில ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே மாத்திரை சாப்பிட்டவர்களும், களைப்போ மூச்சிரைப்போ மறதியோ வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.