கிரியேட்டினின் நார்மல், ஆனாலும்...

பள்ளிபாளையம் வாசகருக்கு,

தறிப்பட்டறைக்குப் போய்வரும் உங்கள் அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். வயது 58. கிரியேட்டினின் 1.1, தாளில் அச்சிட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது. அதற்குக் கீழே இ.ஜி.எஃப்.ஆர். 58 என்பதை டாக்டர் சுழித்திருக்கிறார். லேபில் ஒன்றுமில்லை என்கிறார்கள், டாக்டர் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரை நம்புங்கள்.

கிரியேட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுவது குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். ஆனால் மெதுவாகத்தான் ஏறும். வடிகட்டும் திறன் பாதி போன பிறகும் எண் எல்லைக்குள்ளேயே நிற்கலாம். அதனால்தான் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதுதான் இ.ஜி.எஃப்.ஆர். இப்போது வழக்கில் உள்ள 2021 சூத்திரத்தில் இதே 1.1-ஐ 25 வயது ஆணுக்குப் போட்டால் 96 வருகிறது. உங்கள் அம்மாவுக்கு 58.

இந்த மதிப்பீடும் தராசில் நிறுக்காமல் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்வது மாதிரிதான். முதல் நாள் கிடா விருந்து சாப்பிட்டிருந்தால் கிரியேட்டினின் ஏறும். தண்ணீர் குடிக்காமல் சித்திரை வெயிலில் உழைத்தாலும் ஏறும். எலும்பும் தோலுமாக இருப்பவருக்கோ தசை குறைவு. சிறுநீரகம் கெட்டிருந்தாலும் எண் நல்லதாகக் காட்டும். அவர்களுக்கு சிஸ்டாட்டின் சி பரிசோதனை உதவும்.

இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 2023-ல் தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரைச் சோதித்தார்கள். முதல் சுற்றில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்குக் கோளாறு தெரிந்தது. மூன்று மாதம் கழித்து அது சுமார் 5 பேராகக் குறைந்தது. அந்த ஐந்திலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

உங்கள் தாளில் விட்டுப்போனது சிறுநீர். அதில் அல்புமின் கசிகிறதா என்று பார்க்காமல் பாதிக் கதைதான் தெரியும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். முதல் கட்டமாக ஸ்ட்ரிப் நனைத்துப் பார்க்கும் சோதனையே போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதைச் செய்யும் அரசுத் திட்டம் 2023-ல் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரக விற்பனை விவகாரத்தில் உங்கள் ஊர்ப் பெயர் அடிபட்டது. உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் வரை போனது. கொடுப்பவரிடம் சிறுநீரகத்தை எடுக்கும் முன் டி.டி.பி.ஏ. ஸ்கேன் செய்து, எந்தப் பக்கம் எவ்வளவு வடிக்கிறது என்று தனித்தனியாக அளப்பார்கள். எடுத்த பிறகும் அந்த அக்கறை வேண்டாமா? மிஞ்சிய ஒன்று கூடுதலாக உழைத்து ஈடுகட்டினாலும், பழைய திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் திரும்பும்.

உங்கள் தெருவில் அப்படிக் கொடுத்தவர் யாராவது இருந்தால், வருடம் ஒருமுறை கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் போடுவதை, அவர் மட்டுமல்ல, உங்கள் அம்மாவும் நிறுத்த வேண்டும்.