படகு மூடியில் தண்ணீர் புகாமல் இருக்க…

என்.சி.சி. கடற்படைப் பிரிவின் நவ் சைனிக் முகாமில் கப்பல் மாதிரிப் போட்டியும் உண்டு, தெரியுமா? மோட்டார் வைத்த மாதிரிப் படகுக்குப் பெரிய எதிரி மேல்மூடி இடுக்குதான். அதில் தண்ணீர் புகுந்தால் ரிசீவர் போச்சு!

பலர் டேப் மட்டும் ஒட்டுவாங்க. ஈரப் பலகையில் டேப் பிடிக்காது. முதலில் திறப்பைச் சுற்றி அரை அங்குல உயரத்துக்குச் சுவர் மாதிரி விளிம்பு கட்டணும். மூடி அதன்மேல் தொப்பி போல இறங்கணும். நடுவில் மெல்லிய ஸ்பாஞ்ச் ரப்பர் வளையம். நான்கு பக்கமும் சமமா அழுத்தணும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினா எதிர்ப்பக்கம் தூக்கிக்கும். கிளிப் வைத்த டிபன் பாக்ஸில் சாம்பார் சிந்தாததும் இப்படித்தான்.

பெரிய கப்பலிலும் இதே கதைதான். 1980 செப்டம்பரில் டெர்பிஷயர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஜப்பானுக்குத் தெற்கே புயலில் மூழ்கி 44 பேர் இறந்தனர். முன்பக்கக் காற்றுக்குழாய்கள் வழியே தண்ணீர் புகுந்து முகப்பு தாழ்ந்தது. பிறகு அலை மோதி சரக்கறை மூடி உடைந்தது என்று விசாரணையில் முடிவானது. ஆக, மூடியை மட்டும் கவனிச்சா போதாது; ஒயர் போகும் ஓட்டையையும் அடைக்கணும்.

பாலாற்றில் தண்ணீர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, உள்ளே செய்தித்தாள் விரித்து, மூடி, வீட்டுத் தொட்டியில் வைத்து மேலே 5 நிமிடம் தண்ணீர் ஊத்துங்க. மூடியைத் துடைச்ச பிறகே திறக்கணும். தாள் எந்த மூலையில் நனைஞ்சிருக்கோ, அங்கேதான் ஓட்டை!