ஸ்கேனர் பாதியில் உறைவது ஏன்?

முதல் பக்கம் நன்றாகவே வந்தது. இரண்டாம் பக்கத்துக்குப் பொத்தானை அழுத்தினால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இன்றிரவுக்குள் அனுப்பியாக வேண்டும். டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவலாம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

டிரைவர் என்பது கணினிக்காக ஸ்கேனரிடம் பேசும் மென்பொருள். 'விளக்கை ஏற்று', 'அடுத்த வரியைப் படி' எனக் கட்டளையிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராதபோது எப்போது கைவிடுவது என்ற கால வரம்பு அதில் சரியாக அமையாவிட்டால், காத்துக்கொண்டே இருக்கும். உறைந்துவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான்.

பதில் ஏன் வருவதில்லை? யூ.எஸ்.பி. வழியே தகவல்கள் சிறு பொட்டலங்களாகச் செல்கின்றன. அவற்றுக்கு 0, 1, 0, 1 என மாறி மாறி அடையாளம் இடப்படும். ஒரே அடையாளம் அடுத்தடுத்து வந்தால், ஸ்கேனர் அதைப் பழைய பொட்டலத்தின் மறுபிரதி எனக் கருதும். 'கிடைத்தது' என்று கூறிவிட்டு ஒதுக்கிவிடும். ஒரு பக்கம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது இந்த வரிசை பிசகினால், கட்டளை சேர்ந்துவிட்டதாகக் கணினி நம்பும். ஸ்கேனரோ கட்டளைக்காகக் காத்திருக்கும். முதல் பக்கம் வந்து இரண்டாவது நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, இருவரையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கணினியை மட்டும் மறுபடி தொடங்கினால் போதாது. தனி மின்சாரத்தில் இயங்கும் ஸ்கேனர் பழைய நிலையிலேயே நின்றிருக்கக்கூடும். இந்த வரிசையில் செய்து பாருங்கள்:

1. ஸ்கேன் செயலியை மூடுங்கள். யூ.எஸ்.பி. கம்பி, மின்கம்பி இரண்டையும் கழற்றி அரை நிமிடம் விடுங்கள்.

2. முதலில் மின்சாரம் கொடுங்கள். உள்ளே விளக்குத் தண்டு நகரும் ஓசை கேட்காவிட்டால், பழைய தட்டை வகை ஸ்கேனர்களின் அடியில் உள்ள பூட்டைப் பாருங்கள்.

3. கம்பியை யூ.எஸ்.பி. ஹப்பில் அல்லாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள்.

4. 75 டி.பி.ஐ. அளவில் சோதியுங்கள். 300 டி.பி.ஐ. வண்ண ஏ4 பக்கம் சுமார் 26 மெகாபைட். 75-இல் அதில் பதினாறில் ஒரு பங்குதான். சிறியது வந்து பெரியது நின்றால், கம்பியை மாற்றிப் பாருங்கள்.

5. சற்று நேரம் சும்மா இருந்த பிறகே உறைகிறதா? விண்டோஸ் மின்சேமிப்பு அமைப்பில், யூ.எஸ்.பி. சாதனங்களை உறங்க வைக்கும் வசதியை நிறுத்துங்கள்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் டிரைவரை மீண்டும் நிறுவ வேண்டும். எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். பழுதுபார்ப்பவரிடம் போக நேர்ந்தால், 'வேலை செய்யவில்லை' என்பதைவிட அந்தக் குறிப்பு அவருக்குப் பெரிதும் உதவும்.