மாறும் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும்

பள்ளி என்றதும் நம் கண்முன் தோன்றுவது கரும்பலகையும், அதனருகே நிற்கும் ஆசிரியரும், வரிசையாய் அமர்ந்த மாணவருமே. 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இக்காட்சி மாறியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்கென உருவான முறையைத் தழுவி, செயல்வழிக் கற்றல் அங்கே தொடங்கியது. ஆசிரியை குழந்தைகளோடு பாயில் அமர்ந்தார். கரும்பலகை சிறுவர் கைக்கெட்டும் உயரத்திற்கு இறங்கியது. ஒவ்வொரு குழந்தையும் பாட அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் கற்றது. 2007-இல் இம்முறை தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

அட்டைகளை அச்சிட்டு அனுப்புவது எளிது. பல்லாண்டுகள் நின்று பாடம் நடத்திப் பழகியவர், முப்பது குழந்தைகள் முப்பது படிகளில் நிற்கும் வகுப்பைக் கவனிப்பது எளிதா? அதற்குச் சுற்றறிக்கை மட்டும் போதாது. பிறர் கற்பிப்பதை நேரில் காணவும், தம் வகுப்பில் செய்து பார்க்கவும், ஐயம் எழுந்தால் கேட்கவும் ஆசிரியருக்கு வாய்ப்பு வேண்டும். 2015-இல் பி.எட். படிப்பு ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டதும் பள்ளியில் நேரடிப் பயிற்சியைப் பெருக்கவே.

இன்று கணினியும் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. மாற்றம் பிடிக்காவிடில் வசதியுள்ளோர் வேறு பள்ளி தேடுவர். ஏழைக் குழந்தைக்கோ அரசுப் பள்ளியே கதி. தோழியரே, நம்மில் பலர் நாளை ஆசிரியைகளாவோம். கற்பிக்கும் நாளிலும் கற்பதை நிறுத்தோம் என இன்றே உறுதி கொள்வோம்!