சீலைக் குறை சொல்வதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு மேல்மலையனூர் போன இடத்தில் எழுதிய உங்கள் கடிதம் கிடைத்தது. வடசென்னையில் நீங்கள் வேலை பார்க்கும் ஆலையில் பென்சீன் பம்புக்குப் புது மெக்கானிக்கல் சீல் போட்டும் நிலைக்கவில்லை, எல்லோரும் சீல் மட்டம் என்கிறார்கள் என்று வருந்தியிருந்தீர்கள். சீலைக் கழற்றும் முன் அதைச் சுற்றி ஓடும் எண்ணெயைப் பாருங்கள்.

உங்கள் ஊர்க் கிணற்று மோட்டாரில் கிளாண்ட் கயிறு சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டினால்தான் கயிறு கருகாது; தண்ணீர்தானே, நட்டமில்லை. பென்சீன் புற்றுநோய் தருவது, அப்படி விட முடியாது. அதனால்தான் இரட்டைச் சீல் போட்டு, நடுவில் எண்ணெயை அதிக அழுத்தத்தில் நிறுத்துகிறோம். சீல் அறையைவிடக் குறைந்தது 1.4 பார் கூடுதல் வேண்டும் என்கிறது சீல்களுக்கான ஏபிஐ 682 தரநிலை. கசிந்தால் எண்ணெய் உள்ளே போகும், பென்சீன் வெளியே வராது.

நம்மைக் காக்கும் அதே அழுத்தம்தான் அழுக்கையும் சீலுக்குள் தள்ளுகிறது. சீலில் எதிரெதிரே உரசும் இரண்டு முகங்களுக்கும் நடுவே இருக்கும் படலம் ஏறக்குறைய 1 மைக்ரான். தலைமுடியே 70 மைக்ரான் வரும். வெல்டிங் கசடு, துரு, மண் என்று எது மிதந்தாலும் அந்த இடுக்கைத் தேடிப் போகும். கெட்டித் துகள் மெத்தென்ற கார்பன் முகத்தில் பதிந்து உட்கார்ந்து, எதிரே உள்ள சிலிக்கான் கார்பைடை அறுக்கும். சீல் தேய்ந்தால் அந்தக் கார்பன் தூளும் எண்ணெயிலேயே சேரும்.

லைனில் ஒரு ஃபில்டர் மாட்டினால் தீராதா என்பீர்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். சீலுக்கு எண்ணெய் கொடுக்கும் குழாய் அமைப்பு உங்களிடம் பிளான் 53ஏ என்றால், எண்ணெயைச் சுற்றவிடுவது முக்கியமாக ஷாஃப்டில் இருக்கும் பம்பிங் ரிங்தான். அதன் தள்ளுவிசை மிகக் கொஞ்சம். நுண்ணிய ஃபில்டர் வைத்தால் ஓட்டம் நின்று, முகம் சூடேறி, எண்ணெய் கருகிப் படியும். காப்பாற்ற வைத்ததே சீலைக் கொன்றுவிடும். அங்கே எண்ணெயை ஊற்றும் முன்பே வடிகட்ட வேண்டும், எண்ணெய் நிற்கும் சீல் பாட்டையும் குழாயையும் ஃப்ளஷ் செய்ய வேண்டும். பிளான் 54-க்குத் தனிப் பம்பு உண்டு. அதில் இரட்டை ஃபில்டரும், அடைப்பை அழுத்த வேறுபாட்டால் காட்டும் டிபி கேஜும் அவசியம். ஒன்று அடைத்தால் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம், பம்பை நிறுத்த வேண்டியதில்லை.

ஃபில்டர் வாங்கும்போது '10 மைக்ரான்' என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், பீட்டா எண்ணைக் கேளுங்கள். 10 மைக்ரானுக்குப் பீட்டா 200 என்றால், அந்த அளவும் அதற்கு மேலும் உள்ள 200 துகளில் 1 மட்டுமே தப்பும்.

புது டிரம் சுத்தம் என்ற நம்பிக்கையையும் விடுங்கள். வெளியே நிமிர்த்தி வைத்த டிரம்மின் மூடி மேல் மழைநீர் தேங்கும். இரவில் எண்ணெய் குளிர்ந்து சுருங்கும்போது மூடி வழியே அதை உள்ளே இழுத்துவிடும். கூரைக்குக் கீழே படுக்க வையுங்கள். திறந்த வாளியில் ஊற்றும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த முறை சீல் கழற்றினால் முகங்களைத் துடைக்காதீர்கள். அப்படியே படம் எடுங்கள், சீல் பாட்டின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துத் துகள் எண்ணிக்கைக்கு அனுப்புங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்